பக்கெட் வாங்கும் முன் பின்கதவைப் பாருங்கள்

ஜூன், ஜூலையில் ராமேஸ்வரம் பேருந்து நிலையத்துக்குப் போனால் இந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். புது பக்கெட்டுக்குள் கப், சோப்பு டப்பா, கொடிக்கயிறு. பாயோடு சுருட்டிய தலையணை. வாசனை வெளியே வராதபடி மூன்று உறைகளில் பொதிந்த கருவாட்டுப் பொடி. பிள்ளையை விடுதியில் சேர்க்க மதுரைக்கோ திருச்சிக்கோ கிளம்புகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்க, வீட்டில் காசு புழங்காத அந்த நாட்களை ஒட்டித்தான் விடுதி அட்வான்ஸும் கட்ட வேண்டியிருக்கிறது. அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேரத் தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த சகோதரி வாழ்ந்த ஊர் இது. இன்றும் பல வீடுகளில் நகைதான் அட்வான்ஸாக மாறுகிறது. அப்படிக் கட்டும் பணத்துக்கு என்ன பாதுகாப்பு கிடைக்கிறது என்று கேட்க மட்டும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சேர்க்க நானும் கூடப் போனேன். மூன்று மாடித் தனியார் விடுதி, ஒரே படிக்கட்டு. "பின்கதவு எங்கே?" என்று கேட்டேன். பூட்டிக் கிடந்தது. சாவி வார்டனிடம், வார்டன் ஊரில் இல்லை. பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்து, "விடுங்கண்ணே, பிறகு பிள்ளையத்தான் ஒரு மாதிரி பார்ப்பாக" என்றார்.

2024 செப்டம்பர் 12 அதிகாலை, மதுரை பெரியார் பேருந்து நிலையம் அருகே கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதி தீப்பிடித்தது. ஃபிரிட்ஜில் தொடங்கிய தீ. தூக்கத்திலிருந்த பெண்களைப் புகை சூழ்ந்தது. அன்று இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பழைய கட்டடம் என்று மாநகராட்சி முந்தைய ஆண்டே நோட்டீஸ் கொடுத்திருந்தது. அங்கே தங்கியவர்களின் பெற்றோருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆகவேதான் கேட்க வேண்டும்.

பணம் கட்டும் முன்

பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமான விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் விடுதி நடத்தக் கூடாது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, மெஸ் இருந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். 18 வயது கடந்த மகனின் விடுதிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே வெளியேற இரண்டாவது வழி, தீயணைப்பான், மின்வயர்களின் நிலை எல்லாவற்றையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத அரசு விடுதிகள் உண்டு. 2025 ஜூலை முதல் அவற்றுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர். தனியாரிடம் போகும் முன் அங்கே விண்ணப்பித்துப் பாருங்கள்.

ரசீதும் சான்றிதழும்

அட்வான்ஸ், மாத வாடகை, மெஸ் பில் ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது வாங்குங்கள். காலி செய்யும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். அறையின் சுவர், கட்டில், மின்விசிறியை முதல் நாளே போனில் படமெடுத்து வையுங்கள். பிறகு "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே கல்லூரியிலிருந்து விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தாமதிக்கத் தாமதிக்கத் தொகை குறையும். கடைசி நாள் போய் 30 நாள் கடந்தால் கட்டணம் கிடைக்காது. காப்புத்தொகை மட்டும் முழுதாக வர வேண்டும். தனியார் விடுதி அட்வான்ஸைத் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டுக்கும் கையில் ரசீது வேண்டும்.

ராகிங்

1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம். கல்லூரிக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகாரை மூடி மறைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை. 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் 1800-180-5522. பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416. இவற்றைப் பிள்ளையின் போனில் மட்டும் பதிந்தால் போதாது, பக்கெட்டோடு போகும் டைரியிலும் எழுதிக் கொடுங்கள்.

முதல் மாதம் போனில் "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ராத்திரி தூங்குனியா, யாரோட சாப்பிட்ட?" என்றும் கேளுங்கள். "ஊருக்கு வந்துரட்டுமா?" என்று பிள்ளை கேட்டால், "கட்டின காசு போயிரும்" என்பது முதல் பதிலாக இருக்கக் கூடாது. என்ன நடந்தது என்று முழுதாகக் கேளுங்கள்.

பின்கதவு பூட்டிக் கிடந்த அந்த விடுதியில் அன்று நாங்கள் பணம் கட்டவில்லை. வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு தெரு நடந்தோம். அடுத்த விடுதியின் வாசலில் நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த அப்பா கேட்டார்: "பின்கதவு எங்கங்க இருக்கு? கொஞ்சம் திறந்து காட்டுங்க."