பஸ்ஸா, விமானமா?

பரப்பிற் சிறிய நாடொன்றிலே ஊர்விட்டு ஊர் செல்பவர், எந்நேரத்திற் புறப்படுவது என்பதை மட்டும் தீர்மானித்தாற் போதும். பரந்த நாட்டிலோ, எதில் ஏறிச் செல்வது என்பதே முதல் வினாவாகிவிடுகிறது. அதற்குத் தவறான விடை காண்பவர் பணத்தை இழப்பார். அல்லது பணத்திலும் அரிய பொருளாகிய நாட்களை இழப்பார். முதுகிலே பொதியைச் சுமந்து, அளவான பணத்துடனும் எண்ணப்பட்ட நாட்களுடனும் தேசம் பார்க்கப் புறப்படும் இளம் பிரயாணிக்கு இவ்விரண்டும் பெரு நட்டங்களே. தென்னமெரிக்காவிலுள்ள ஆர்ஜென்டீனா இவ்வினாவை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற நாடாகும்.

அந்நாட்டின் பரப்பு ஏறக்குறைய 28 இலட்சம் சதுரக் கிலோமீற்றர். வடமுனையிலிருந்து தென்முனை வரை அதன் நீளம் ஏறக்குறைய 3,700 கிலோமீற்றர். வடகிழக்கே அடர்ந்த காடு, தென்மேற்கே பனியாறுகள். ஒரு காலத்தில் புகையிரதப் பாதைகளே இத்தூரங்களை இணைத்தன. 1948ஆம் ஆண்டில் அரசுடைமையாக்கப்பட்ட அப்பாதைகள் பிற்காலத்தில் நலிவுற்றன. 1993ஆம் ஆண்டில் மத்திய அரசு நெடுந்தூரப் பிரயாணிகள் சேவைக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியதும் பெரும்பாலான வண்டிகள் நின்றுபோயின. அவ்விடத்தை நிரப்பியது பஸ்.

தலைநகராகிய புவனஸ் அயர்சிலுள்ள ரெத்தீரோ நிலையத்திலிருந்து நாட்டின் நாலா திசைகளுக்கும் இரண்டு தட்டுப் பஸ்கள் புறப்படுகின்றன. ஆசனங்களில் தரங்கள் உண்டு. ‘செமி காமா’ என்பது ஓரளவு சாயும். ‘காமா’ என்பது அகலமாகவும் மேலும் நன்கு சாயக்கூடியதாகவும் இருக்கும். ‘காமா’ என்ற ஸ்பானியச் சொல்லுக்குக் கட்டில் என்பதே பொருள். இப்பெயரிலேயே பஸ்ஸின் பெரும் பயன் அடங்கியுள்ளது.

மென்டோசா நகரை எடுத்துக்கொள்வோம். தலைநகரிலிருந்து அது ஏறக்குறைய 1,050 கிலோமீற்றர். விமானம் இரண்டு மணித்தியாலத்துக்குள் சென்றுவிடும். பஸ்ஸுக்குப் பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலம் வேண்டும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இங்கே போட்டியே இல்லை. ஆயினும் விமானநிலையத்துக்குச் செல்லும் நேரம், முன்கூட்டியே சென்று காத்திருக்கும் நேரம், இறங்கிய பின் நகருக்குச் செல்லும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் இரண்டு மணித்தியாலம் ஐந்தாறாக நீள்கிறது. அதுவும் பகற்பொழுதில். இரவில் ஏறிய பஸ் பிரயாணியோ உறக்கத்திலே தூரத்தைக் கடந்து, காலையில் ஊர் பார்க்கத் தயாராக இறங்குகிறார். ஓரிரவு விடுதிக் கட்டணமும் மிச்சமாகிறது.

விமானச் சீட்டின் விலையிலும் ஒரு நுட்பம் உண்டு. 2018ஆம் ஆண்டு முதல் குறைந்த கட்டண விமானங்கள் அந்நாட்டில் பறக்கத் தொடங்கியபின், சில வேளைகளில் விமானச் சீட்டு பஸ் சீட்டிலும் மலிவாகக் கிடைக்கின்றது. ஆனால் அம்மலிவு விலை பெரும்பாலும் கைப்பை ஒன்றுக்கே பொருந்தும். முதுகுப் பொதிக்குத் தனிக் கட்டணம் அறவிடப்படும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்காற் பணம் என்ற பழமொழி இங்கே மெய்யாகிவிடலாம். விமானம் எந்நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஹோர்ஹே நியூபெரி விமானநிலையம் நகருக்குள்ளேயே ஆற்றோரம் அமைந்துள்ளது. எசேய்சாவோ முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது.

இவற்றைக் கொண்டு பஸ்ஸே எப்பொழுதும் சிறந்தது என்று முடிவுகட்டல் ஆகாது. தென்கோடியிலுள்ள உசுவாயாவுக்குத் தரைவழி ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர். ரியோ கயேகொஸ் நகரில் வண்டி மாறி, சிலி நாட்டின் எல்லைக்குள் நுழைந்து, மகெல்லன் நீரிணையைப் படகேறிக் கடந்து, மீண்டும் ஆர்ஜென்டீன எல்லைக்குள் வரவேண்டும். விமானம் மூன்றரை மணித்தியாலத்தில் முடிக்கும் இப்பிரயாணத்தைப் பஸ்ஸில் முடிக்க இரண்டு நாட்களுக்கு மேலாகும். வழிநெடுகப் பத்தகோனியாவின் காற்றடிக்கும் வெற்றுவெளியே பெரும்பகுதி. முதல் நூறு கிலோமீற்றரில் அவ்வெளியின் பேரமைதி உள்ளத்தைக் கவரும். ஆயிரமாவது கிலோமீற்றரில் உடல் சோர்ந்துவிடும். அச்சோர்வைத் தீர்க்க மற்றொரு நாள் செலவாகும். பத்து நாட்களே கையிலுள்ளவருக்கு இங்கு விமானமே தகும்.

வடமேற்கிலோ நிலைமை வேறு. ஹுஹுய் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,250 மீற்றர் உயரத்திலும், உமாவாக்கா ஏறக்குறைய 3,000 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இவற்றிடையே உள்ள பள்ளத்தாக்கு 2003ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. பல நிறப் பாறை மலைகளிடையே ஏறும் பஸ், பூர்மமார்க்கா, தில்காரா முதலிய ஊர்களில் நின்று செல்கின்றது. அவ்வூர்களில் ஓரிரவு தங்கித் தங்கி மேலே செல்பவரின் உடல் உயரத்துக்குப் பழகிக்கொள்ளும். தலைவலியும் மூச்சுத்திணறலும் குறையும். இங்கே வழியே காட்சி, வழியே மருந்தும்கூட.

இன்னுமொன்று. விமானப் பாதைகளிற் பெரும்பாலானவை தலைநகரை மையமாகக் கொண்டவை. அயல் மாகாணத்துக்குச் செல்ல விரும்புபவரும் பல வேளைகளில் தலைநகருக்குத் திரும்பி வரவேண்டியிருக்கும். பஸ் ஊரையும் ஊரையும் நேரே இணைக்கின்றது. இயற்கையின் குறுக்கீட்டையும் மறத்தலாகாது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிலியிலுள்ள புயேவே எரிமலை வெடித்துச் சாம்பலைக் கக்கியபொழுது, பரிலோச்சே விமானநிலையம் பல மாதங்கள் மூடிக்கிடந்தது. அக்காலத்தில் அந்நகருக்குச் செல்லத் தரைவழியே துணையாயிற்று.

எனவே சீட்டு வாங்குமுன் மூன்று கணக்குகளைப் பார்த்தல் நன்று. வாசலிலிருந்து வாசல்வரை செல்லும் நேரம் எவ்வளவு? பொதி, விடுதி, உணவு யாவும் சேர்ந்த செலவு எவ்வளவு? இடையிலுள்ள நிலம் கண்டு மகிழத்தக்கதா, கடந்துவிடத்தக்கதா? விலைவாசி விரைந்து மாறுவது ஆர்ஜென்டீனாவின் நெடுநாளைய தொல்லையாதலால், இரண்டாவது கணக்கைப் புறப்படும் வேளையிலேயே புதிதாகப் பார்த்தல் வேண்டும். ஓரிரவில் முடியும் தூரத்துக்கும் கண்ணுக்கு விருந்தாகும் வழிக்கும் பஸ்; ஓரிரவுக்கு மேற்பட்ட வெற்றுவெளிக்கு விமானம். இவ்விரண்டையும் இடமறிந்து கலந்து பயன்படுத்துபவர், குறைந்த பணத்திலும் நாட்டை நிறைவாகக் கண்டு திரும்புவர்.