கால்வீக்கமும் கைமருந்தும்: திருகோணமலை வரலாறு தரும் ஒரு பாடம்

கால்வீக்கத்தைச் 'சோபை' என வழங்கும் நம் வைத்திய மரபு, அதற்குக் கூறும் கைமருந்துகள் பல. மூக்கிரட்டை வேர்க் குடிநீர், நெருஞ்சில் கஷாயம், பார்லிக் கஞ்சி, முள்ளங்கிச் சாறு ஆகியன அவற்றுட் சில. திருகோணமலையிலாயின் கன்னியா வெந்நீரூற்று நீராட்டையும் இவற்றோடு சேர்த்தல் வேண்டும். இவற்றை முன்னோர் பேரறிவு எனப் போற்றுவாரும், மூடநம்பிக்கை என ஒதுக்குவாரும் உளர். இரு சாராரும் கேளாது விடும் வினா ஒன்றுண்டு. மருந்து எதன்மீது தொழிற்படுகின்றது? காலில் தேங்கிய நீர்மீதா, அன்றி அந்நீர் தேங்குவதற்கான காரணத்தின் மீதா? இவ்வினாவை ஆராய்வதற்குத் திருகோணமலைக் கோட்டையின் வரலாறே தக்க சான்றாக அமைகின்றது.

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் இங்கே படையணிகளை நிறுத்தினர். அடுத்துவந்த ஆண்டுகளில் அப்படையினரிடையே பெரிபெரி நோய் கடுமையாகத் தோன்றிற்று. கணுக்காலில் தொடங்கிய வீக்கம் மேலேறி உடலெங்கும் பரவ, மூச்சுத் திணறிப் பலர் மாண்டனர். இலங்கையில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றிய தோமஸ் கிறிஸ்ரி இந்நோயை நுணுகி நோக்கியவர். பெண்களிடத்தோ, படை அதிகாரிகளிடத்தோ, இருபது வயதுக்குட்பட்ட இளைஞரிடத்தோ இதனைத் தாம் கண்டதில்லை என்று அவர் எழுதியுள்ளார். அதிகாரியின் காலைத் தீண்டாது சிப்பாயின் காலை மட்டும் பற்றிய நோய், காற்றினாலோ கடலினாலோ வந்திருத்தல் இயலாது. இருவரும் ஒரே கோட்டையில் ஒரே காற்றைச் சுவாசித்தவர்களே. வேறுபட்டது அவர்தம் உணவுத்தட்டு. எனினும் அக்கால மருத்துவம் தட்டை நோக்கவில்லை; கலோமல் எனும் இரச உப்பையும் நரிவெங்காயத்தையும் கொடுத்து நீரை வெளியேற்றவே முயன்றது. ஆங்கில மருத்துவமும் அன்று கைமருந்து நிலையிலேயே நின்றது என்பது ஈண்டு கருதத்தக்கது.

காரணம் புலப்பட ஒரு நூற்றாண்டு சென்றது. 1890களில் சாவகத்தில் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நமக்கு நெருக்கமான சான்று மலாயாவிலுள்ளது. அங்கே வெள்ளைப் பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். இவ்வேறுபாட்டைப் பிறடன் எனும் மருத்துவர் 1907இல் நூலாகவே வெளியிட்டார். பின்னர் பிரேசர், ஸ்ரான்ரன் இருவரும் வீதி அமைக்கும் சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கி இரு வகை அரிசியையும் கொடுத்து இதனை உறுதிசெய்தனர். தொழிலாளியின் உடலையே சோதனைக்களமாக்கிய செயல் அது என்பதையும் குறித்தல் வேண்டும்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் எனும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. தயமின் குன்றினால் இதயம் தளரும், குருதிக் குழாய்கள் விரியும், சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கும், பாதம் வீங்கும். படைவீரருக்கு அளந்து வழங்கப்பட்ட சாராயம் அச்சத்தை உடல் ஏற்பதையும் தடுத்திருக்கும். நெல் அவித்த நம் பெண்களின் உழைப்பை எவரும் மருத்துவம் என்று அழைத்ததில்லை. ஆயினும் கோட்டை மருத்துவர் செய்யவியலாததை அவ்வுழைப்பு செய்தது. வடித்த கஞ்சியை வீசாது குடித்த வழக்கமும் அத்தகையதே, ஏனெனில் தயமின் நீரிற் கரைவது.

இந்த நோக்கில் இன்றைய கைமருந்துகளை மதிப்பிடலாம். துறைமுகத்திலும் கடைகளிலும் நாள் முழுதும் நின்று வேலைசெய்வோரின் மாலைநேர வீக்கத்துக்குக் காரணம், கெண்டைத்தசை அசையாமையால் நாளக்குருதி மேலேறாமை. காலை நெஞ்சுமட்டத்துக்கு மேல் உயர்த்திக் கிடத்தலும் இடையிடையே நடத்தலும் இதற்கு எந்தக் கஷாயத்தையும்விடப் பயன்தரும். வேலைத்தலத்தில் ஓர் இருக்கை இருப்பின் இன்னும் நன்று. கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றின் உப்பைக் குறைத்தலும் உதவும். கன்னியாவின் வெந்நீர் மூட்டுவலிக்கு இதமளிக்கலாம். ஆனால் வெப்பம் குருதிக்குழாய்களை விரிப்பதால் வீக்கம் மிகவும் கூடும். மூக்கிரட்டையில் பொற்றாசியம் மிகுதி; சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கவல்லது. கஷாயங்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் அதிமதுரம் உடலில் உப்பைத் தேக்கி வீக்கத்தை வளர்க்கும். குருதி அழுத்தத்துக்கு அம்லோடிபின் உட்கொள்வோர் சிலருக்கு அம்மாத்திரையே கணுக்காலை வீங்கச் செய்வதுண்டு. அவர்கள் மூலிகை தேடுவதை விடுத்து மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டலே முறை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. எந்தச் சோபைக்கு எந்த மூலிகை, எந்த அளவில், எவருக்கு ஆகாது என்பவற்றை வரையறுக்கும் பணிக்கு அதனினும் ஏற்ற இடம் இம்மாவட்டத்தில் வேறில்லை.

எவ்வகைக் கைமருந்துக்கும் காத்திராது மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நிலைகளும் உள. ஒரு காலில் மட்டும் திடீரென வலியோடு தோன்றும் வீக்கம் நாளத்தில் குருதி உறைந்ததன் அடையாளமாகலாம். கர்ப்பிணிக்கு வீக்கத்தோடு தலைவலியும் பார்வை மங்கலும் சேர்தல், தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தான குருதி அழுத்த உயர்வைக் குறிக்கலாம். படுத்தால் மூச்சு முட்டுதல் இதயத்தளர்ச்சியின் குறி. காலையில் முகமும் கண்ணிமையும் அதைத்திருந்தால் சிறுநீரகத்தைச் சோதித்தல் வேண்டும்.