ஈர்ப்பு விதியும் அண்டத்தின் விரிவும்

கையினின்று நழுவிய கல் நிலத்தில் விழுகின்றது. திங்கள் நிலவுலகைச் சுற்றி வருகின்றது. இவ்விரண்டிற்கும் காரணம் ஈர்ப்பே என 1687-ஆம் ஆண்டில் நிறுவினார் ஆங்கில நாட்டு அறிஞர் நியூட்டன். அவர் கண்ட விதி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வானியலின் அடிப்படையாய் விளங்கிற்று. ஆயினும், புதன் கோளின் பாதை நூறாண்டுக்கு 43 விகலை அளவு அவ்விதிக்கு அடங்காது விலகிற்று. ஒரு பாகையில் 3,600 விகலைகள் உள. அத்துணைச் சிறிய வேறுபாட்டிற்கும் 1915-இல் ஐன்ஸ்டைன் விளக்கம் தந்தார். பருப்பொருள் தன்னைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கின்றது. அவ்வளைவே ஈர்ப்பாகத் தோன்றுகின்றது என்பது அவர்தம் கொள்கை.

அதுவே முடிந்த முடிபா? 1961-இல் கார்ல் பிரான்ஸ், ராபர்ட் டிக்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அதனுடன் ‘திசையிலிப் புலம்’ ஒன்றைச் சேர்த்துப் புதுக் கொள்கை வகுத்தனர். ஓர் அறையின் ஒவ்வோரிடத்திலும் வெப்பநிலையை ஓர் எண்ணால் குறிக்கலாம். காற்றோட்டத்திற்கு உள்ளதுபோல் அதற்குத் திசை இல்லை. அத்தகைய புலம் ஒன்று அண்டமெங்கும் பரவியுள்ளது என்றும், அது மாறுந்தோறும் ஈர்ப்பின் வலிமையும் மாறும் என்றும் அவர்கள் கருதினர்.

1998-இல் வியத்தகு செய்தியொன்று வெளியாயிற்று. தொலைவில் வெடித்த விண்மீன்களை ஆராய்ந்த இரு குழுவினர், அண்டத்தின் விரிவு விரைவு பெற்று வருவதைக் கண்டனர். மேலே எறிந்த கல் வேகம் குன்றாது, மேன்மேலும் விரைந்து செல்வதை ஒத்தது இது! இதற்குக் காரணம் ‘இருள் ஆற்றல்’ என்றனர் பலர். ஈர்ப்பு விதியையே திருத்தி, திசையிலிப் புலத்தால் இதனை விளக்க முயன்றனர் வேறு சிலர்.

அம்முயற்சிகளுக்கு 2017 ஆகஸ்டு 17-ஆம் நாள் கடுஞ்சோதனை நேர்ந்தது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி எழுப்பிய ஈர்ப்பலைகள் அன்று புவியை எய்தின. அம்மோதலில் பிறந்த காமாக் கதிர்களும் 1.7 நொடியில் வந்து சேர்ந்தன. ஒளியின் ஒரு வகையே காமாக் கதிர். 13 கோடி ஆண்டுப் பயணத்தில் வேறுபாடு இவ்வளவே எனின், ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்வன என்பது தெளிவு. அவ்வேகங்கள் வேறுபடும் எனக் கூறிய கொள்கைகள் பல அன்றே வீழ்ந்தன. முரண்படாத சில எஞ்சின; ஐன்ஸ்டைன் கொள்கையும் நிலைபெற்றது.

விரிவு விரைவதன் காரணம் இன்னும் விளங்கவில்லை. எனினும், வீழ்ந்த கொள்கைகளும் வீணாகவில்லை. எதனை அளந்து பார்த்தல் வேண்டும் என்பதை அவை உணர்த்தின. எத்துணைப் புகழ் வாய்ந்தவர் உரைத்த கொள்கையாயினும், இயற்கையின் சோதனைக்கு உட்பட்டே தீரும். அதுவே அறிவியலின் அறம்.