காய்கறி எப்போது குறைந்தது?

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கு வருபவர்களிடம், "காய்கறியெல்லாம் சாப்பிடுவீங்களாய்யா?" என்று கேட்பேன். மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகர் நான். பதில் பெரும்பாலும் மனைவியிடமிருந்துதான் வரும். "அவுக காயத் தொட்டே மாசக்கணக்காச்சும்மா. சோத்தக் குழைச்சு ரசத்த ஊத்தினாத்தான் உள்ள இறங்குது."

இதைக் கேட்டுவிட்டு, காய் தின்னாததால்தான் நோய் வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. கட்டி வளர்ந்து குழாய் குறுகும்போது முதலில் சிக்குவது சப்பாத்தி, இறைச்சி, நார் உள்ள கீரைத்தண்டு. பிறகு சோறு. கடைசியில் கஞ்சியும் இறங்காது. இவர்களில் பலருக்குக் காயைத் தட்டிலிருந்து விலக்கியதே நோய்தான். அதனால், உடம்பு நன்றாக இருக்கும்போதே பல்லாயிரம் பேரின் சாப்பாட்டைக் குறித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் ஆய்வுகளையே நான் அதிகம் நம்புகிறேன். காய்கறியும் பழமும் ஓரளவு காக்கக்கூடும் என்பதற்கு அறிகுறிகள் உண்டு. உறுதியான சான்று இன்னும் இல்லை. புகைப்பவர்களும் குடிப்பவர்களும் பொதுவாகக் காய்கறி குறைவாகச் சாப்பிடுவதால், எது எதன் விளைவு என்று பிரித்தறிவது கடினம்.

"கீரைக்குப் பதிலா சத்து மாத்திரை குடுக்கலாமா மேடம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின்சியன் என்ற பகுதியில் இந்த நோய் மிக அதிகம். அங்கே 1986 முதல் 1991 வரை ஏறத்தாழ 30,000 பேருக்கு வைட்டமின், தாதுச்சத்து மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்து எடுத்தவர்களிடம் புற்றுநோய் மரணங்கள் மொத்தத்தில் 13 விழுக்காடு குறைந்தன. சத்துக்குறைவு மிகுந்த ஊர் அது. அங்கேயும் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் தெளிவான குறைவு தெரியவில்லை. அதனால் மாத்திரையை நான் பரிந்துரைப்பதில்லை.

பழமும் காயும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியம் ஒரு கிண்ணம் புடலங்காய்க் கூட்டு, இரவு முருங்கைக்கீரைப் பொரியல், நடுவில் இரண்டு கொய்யா என்றால் அந்த அளவை நெருங்கிவிடலாம். இதய நோய்க்கும் அது நல்லது. ஆனால் கூட்டு சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலையை அதக்கினால், அந்தக் கூட்டு காப்பாற்றாது. பீடி, சாராயம், புகையிலை மூன்றையும் விடச்சொல்லி நான் மன்றாடுவது அதனால்தான். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் இந்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் அறிவித்தது. டீயை ஆற்றிக் குடியுங்கள்.

வீட்டில் யாராவது ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்து இறக்கினாலோ, திடீரென்று கூழுக்கும் கஞ்சிக்கும் மாறினாலோ, வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவரிடம் உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.