தாத்தா ரிவால்வருக்குப் புதுக் கைப்பிடி!
உளிக்காரரிடம் விட்டு வந்தால் 7 ஆண்டு கம்பி எண்ண நேரலாம்

அரும்பாவூர்,

தாத்தா காலத்து ரிவால்வர். லைசென்சு உண்டு. பீரோவுக்குள் துணி சுற்றிக் கிடக்கிறது. தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது, தேர்தல் முடிந்தால் ரசீதைக் காட்டித் திரும்ப எடுத்து வருவது. அவ்வளவுதான் அதற்கு வேலை.

அப்படி எடுத்து வரும்போது ஒரு நாள் கை தவறித் தரையில் விழுந்து விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கைப்பிடியின் ஒரு பக்கப் பலகை இரண்டு துண்டு!

வீட்டுக்காரர் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகாக்காரராக இருந்தால் ரொம்ப யோசிக்க மாட்டார். பக்கத்திலேயே இருக்கிறது அரும்பாவூர்.

பச்சைமலை அடிவாரத்து ஊர். அரும்பாவூரிலும் பக்கத்துத் தழுதாழையிலும் உளிச் சத்தம் கேட்காத நாள் கிடையாது. ஒரே மரத்துண்டில் பிள்ளையார், முருகன், நடராஜர் என்று இழைத்து எடுத்து விடுவார்கள். கோவில் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் இங்கிருந்து ஊர் ஊராகப் போகின்றன. 2020-ம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது.

நடராஜரின் விரல் நுனி வரை செதுக்குகிறவருக்கு நாலு விரல்கடைப் பலகை ஒரு வேலையா?

"அண்ணே, இதே மாதிரி ரெண்டு பலகை இழைச்சுக் குடுக்கணும்."

"அதுக்கென்ன, வச்சிட்டுப் போங்க. நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

இந்த 'வச்சிட்டுப் போங்க'வில்தான் இருக்கிறது வினை!

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு துப்பாக்கி செய்வதை மட்டும் தடுக்கவில்லை. விற்பது, மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது எல்லாவற்றுக்குமே தனி லைசென்சு கேட்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்சு வேறு, பழுது பார்க்கும் லைசென்சு வேறு. மரச்சிற்பியிடம் இரண்டுமே கிடையாது.

2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவை மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை! அதற்கு முன்பு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு என்று இருந்தது.

சாமி சிலை செய்து பிழைக்கும் மனிதருக்கு இது தெரியுமா? ஒத்தாசையாகத்தான் வாங்கி வைப்பார். பட்டறையில் இரவு முழுக்க ரிவால்வர் கிடக்கும். எவனாவது எடுத்துப் போனால் யார் பதில் சொல்வது?

'வெறும் மரப்பலகைதானே, அது சுடுமா?' என்று கேட்கலாம். சுடாதுதான். ஆனால் ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாதம் செய்வதை வக்கீலிடம் விட்டு விடுவது நல்லது.

மலைப்பக்கத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் மலை வட்டாரங்களில் கள்ள நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் புதிதல்ல. 'தானாகக் கொண்டு வந்து ஒப்படையுங்கள்' என்று போலீசார் மலைக் கிராமங்களில் தண்டோரா போடாத குறையாகச் சொல்வார்கள். நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டால் அடுத்த கேள்வி, 'கட்டை செதுக்கியது யார்?' என்பதுதான். அந்தப் பேச்சில் பெயர் அடிபட எந்தச் சிற்பி விரும்புவார்?

அப்படியானால் வழியே இல்லையா?

இருக்கிறது. துப்பாக்கி விற்கவும் பழுது பார்க்கவும் லைசென்சு பெற்ற கடைகள் பெரிய ஊர்களில் உள்ளன. சொந்தக்காரரே லைசென்சுப் புத்தகத்தோடு எடுத்துப் போகலாம். உடம்பு முடியாதவர் என்றால் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து வேறொருவர் கையில் பழுது பார்க்க அனுப்பவும் சட்டத்தின் 3-வது பிரிவே இடம் தருகிறது. வாய்ச்சொல் செல்லாது. கடிதம் வேண்டும்.

கடைக்காரர்தான் ரிவால்வரில் கை வைக்க வேண்டும். அரும்பாவூர் வேலைப்பாடுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் அதையும் அந்தக் கடைக்காரர் மூலமாகவே கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு செய்வது பத்திரம். மரத்தை இழைப்பவர் கண்ணில் ரிவால்வரே படக் கூடாது.

ஒரு வார்த்தை: தாத்தா காலமாகி, லைசென்சு இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால் கைப்பிடியைப் பற்றிய பேச்சே வேண்டாம். முதலில் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு பெயருக்கு லைசென்சு கேட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் மனுப் போடலாம். தாத்தா உயிரோடு இருந்து 70 வயதைத் தாண்டியிருந்தால் அவரே வாரிசைக் குறிப்பிட்டு மாற்றிக் கொடுக்கவும் வழி உண்டு. இதைச் செய்யாமல் பீரோவில் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

எந்தக் கைப்பிடி பொருந்தும்?

சரி, கடைக்கு வந்தாகி விட்டது. 'பழைய மாதிரியே வேணும்' என்றால் போதுமா? போதாது.

சின்ன ரிவால்வர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது தப்பு. அமெரிக்க ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் சின்ன பிரேமுக்கு 'ஜே' என்று பெயர். 1950-ல் வந்தது. அந்த ஒரே பிரேமிலேயே அடிப்பாகம் உருண்டையாக ஒன்று, சதுரமாக ஒன்று. உருண்டைக்குச் செய்த பலகையைச் சதுரத்தில் போட்டால் மூலையில் இரும்பு எட்டிப் பார்க்கும்.

அப்புறம் திருகாணித் துளை. பலகை நகராமல் பிடிக்க அடியில் ஒரு சின்ன முளை வேறு இருக்கும். துளை ஒரு நூல் தள்ளியிருந்தாலும் பலகை உட்காராது. உட்கார வைக்கிறேன் என்று திருகாணியை முறுக்கினால் புதுப் பலகையும் படார்!

பிரிட்டிஷ் வெப்லி வேறு ஜாதி. நடுவில் மடங்கித் திறக்கும். கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் அந்த வெப்லியைப் பார்த்துச் செய்ததுதான். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனாலும் ஒன்றின் பலகை மற்றொன்றில் உட்காரும் என்று அளக்காமல் நம்பிக் காசு கொடுக்கக் கூடாது.

கனமும் முக்கியம். சின்ன ரிவால்வரில் பலகை மொத்தமாக இருந்தால் விரல் குதிரைக்கு எட்டாது. மெலிதாக இருந்தால் சுடும்போது பின்னால் உதைக்கிற உதை உள்ளங்கையில் இறங்கும்.

ரப்பரா, மரமா, கொம்பா?

பழைய ரிவால்வர்களின் கறுப்புக் கைப்பிடியைப் பலரும் கருங்காலி என்று நினைக்கிறார்கள். பல சமயம் அது மரமே அல்ல. கந்தகம் சேர்த்து இறுக்கிய கெட்டி ரப்பர். பழைய எபொனைட் பவுண்டன் பேனா வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், வெயில் பட்டால் கறுப்பு போய்ப் பழுப்பேறும். விரலால் சூடு பறக்கத் தேய்த்தால் கந்தக வாடை அடிக்கும். வயதானால் மொறுமொறுப்பாகி விடும். கீழே விழுந்தால் பிஸ்கட்தான். பசை போட்டு ஒட்டினாலும் நிற்காது.

தந்தம் போல வெள்ளையாக இருக்கும் சில பழைய பலகைகள் செல்லுலாய்டு. அந்தக் காலத்து சினிமா பிலிமும் சீப்பும் செய்த அதே சரக்கு. பல வருடம் பெட்டியில் கிடந்தால் அதிலிருந்து அமில ஆவி கிளம்பி இரும்பையே அரித்து விடும். ரிவால்வரின் மீது பலகை தொடுகிற இடத்தில் மட்டும் துரு கட்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நிஜத் தந்தமாகவே இருந்தால்? அது இன்னும் ஆபத்து. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் திருத்தம் வந்த பிறகு நம் நாட்டு யானைத் தந்தமும் சரி, ஆப்பிரிக்கத் தந்தமும் சரி, வியாபாரம் கிடையாது. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 'தாத்தா காலத்தில் வாங்கியது' என்ற பதில் எடுபடாது. சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்றுதான் வனத்துறை கேட்கும். கணக்குக் காட்டாதவர்களுக்கு 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அதையும் விட்டவர்கள் விட்டவர்கள்தான்.

மான் கொம்பும் அப்படியே. காட்டில் தானாக உதிர்ந்த கடமான் கொம்பைப் பொறுக்கி வந்தாலும் குற்றம். ஒரு காலத்தில் நம் நாட்டுக் கடமான் கொம்பு கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போய்க் கத்திப்பிடியாகவும் ரிவால்வர் பிடியாகவும் ஆனது. 1990-களின் கடைசியில் ஏற்றுமதிக்கும் பூட்டுப் போட்டு விட்டார்கள். ஆகவே கொம்பு மாதிரி வேண்டும் என்பவர்கள் பிசினில் வார்த்த போலியோடு திருப்திப்பட வேண்டியதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது மரம். வெளிநாட்டுக் கம்பெனிகள் அக்ரூட் மரத்தில் செய்தார்கள். நம் பக்கத்தில் அதற்கு ஈடு ஈட்டி மரம். கறுப்பும் பழுப்புமாக ரேகை ஓடும். வழவழப்பு ஏறும். ஆனால் ஈட்டியைப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று தமிழக அரசு 1994-ம் ஆண்டில் தனிச் சட்டமே போட்டது. பில் இல்லாத ஈட்டித் துண்டை யாராவது மலிவாகக் கொடுத்தால் நகர்ந்து விடுவதே உத்தமம். பழைய கட்டில் காலில் அறுத்த துண்டு கிடைத்தால் யோகம். அது நன்றாக உலர்ந்தும் இருக்கும்.

அரும்பாவூரில் சிலைக்கு வாகை, மா, வேம்பு எல்லாம் போடுகிறார்கள். மா மரம் சிலைக்கு இடம் கொடுக்கும், மெலிசான பலகைக்குத் தாங்காது. கை வியர்வை பட்டால் கறுத்துப் போகும். வாகையின் வயிரம் பரவாயில்லை.

எந்த மரமானாலும் இரண்டு விஷயம். ஈரம் காயாத மரமென்றால் ஆறு மாதத்தில் வளைந்து திருகாணியைத் தள்ளும். ரேகை கைப்பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் துளை இருக்கும் இடத்தில் பிளக்கும். இதை எந்தச் சிற்பிக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விற்கிறவர்கள்தான் சொல்லாமல் மறைப்பார்கள்.

பழசா, பழசாக்கியதா?

'ஒரிஜினல் பழைய கைப்பிடி' என்று விலை சொல்பவரிடம் ஏமாறாமல் இருக்க ஒரு சுலப வழி உண்டு. பலகையைக் கழற்றித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி வலப்பக்கப் பலகையின் உட்புறத்தில் ரிவால்வரின் நம்பரைப் போட்டு அனுப்பியது. பென்சிலாலும் இருக்கலாம், அச்சாகவும் இருக்கலாம். திருகாணியைச் சுற்றி வெட்டாமல் விட்ட வைர வடிவம் இருந்தால் பெரும்பாலும் 1960-களின் கடைசிக்கு முந்தியது.

மேலே மட்டும் தேய்ந்து, உள்பக்கம் நேற்று அறுத்தது போல வெளுத்திருந்தால் வேஷம்தான். கட்டம் கட்டமாக வெட்டிய பள்ளங்களில் அழுக்கு ஒரே சீராக இருந்தாலும் சந்தேகம்தான். நிஜமான கை ஒரே சீராகப் பிடிப்பதில்லை.

கைப்பிடிக்குச் செலவழிப்பதைவிடப் புது ரிவால்வரே வாங்கி விடலாமே என்பவர்களும் உண்டு. 2014-ல் கான்பூரில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற 500 கிராம் ரிவால்வரை வெளியிட்டார்கள். நகைப் பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அப்போதைய விலை ரூ.1,22,360! 2023 ஆகஸ்டில் 'பிரபல்' வந்தது. குண்டு போடும் உருளை பக்கவாட்டில் திறக்கும். ஆனால் 2019 திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. தாத்தாவின் ரிவால்வரும் அந்தக் கணக்கில் ஒன்று.

உடைந்த பழைய பலகைத் துண்டுகளைக் குப்பையில் போட்டு விடக் கூடாது. துளையும் முளையும் எங்கே என்பதற்கு அதுதான் அளவு. உள்பக்கம் நம்பர் இருந்தால் லைசென்சுப் புத்தகத்தில் உள்ள நம்பரோடு ஒத்துப் பார்த்து, ஒரு உறையில் போட்டுப் புத்தகத்தோடேயே வைத்திருக்கலாம்.