பார்த்ததைச் சொல்லும் முறை

நம் நாடு முழுவதும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன. ஒரு குழுவில் 10 முதல் 20 பேர் வரை இருப்பார்கள். இந்தக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி 1992-ஆம் ஆண்டில் தொடங்கியது.

குழு நன்றாக நடக்க ஐந்து பழக்கங்கள் வேண்டும். தவறாமல் கூட்டம். தவறாமல் சேமிப்பு. குழுவுக்குள் கடன் கொடுத்தல். தவணை தவறாமல் திருப்பிக் கட்டுதல். சரியான கணக்கு. இவற்றைப் பஞ்ச சூத்திரம் என்பார்கள்.

இவை சரியாக நடக்கின்றனவா? இதைப் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் கூட்டத்துக்கு வருவது உண்டு. அவர்தான் பார்வையாளர். வேறொரு குழுவின் உறுப்பினரும் பார்வையாளராக வரலாம்.

ஒரு கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். 12 பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கடன் பற்றிப் பேச்சு வருகிறது. தலைவியும் கணக்கு எழுதுபவரும் மட்டுமே பேசுகிறார்கள். ஒரு பெண் இரண்டு முறை பேச வாயெடுக்கிறார். அதற்குள் பேச்சு மாறிவிடுகிறது. அவர் இனி வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும்.

“உங்கள் தலைவி யாரையும் பேச விடுவதில்லை” என்று பார்வையாளர் சொன்னால் என்ன ஆகும்? தலைவியின் முகம் வாடும். குழு இரண்டாகப் பிரியும். சேமிப்பும் நின்று போகலாம்.

அப்படியானால் எப்படிச் சொல்வது?

கூட்டம் நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. பார்த்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். கூட்டம் முடியும்போது முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும்.

“எல்லாரும் நேரத்துக்கு வந்தீர்கள் அக்கா. சேமிப்பை எல்லார் முன்னாலும் எண்ணினீர்கள்.”

பிறகு கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும்.

“கடன் பற்றி 2 பேர் பேசினீர்கள். 10 பேர் பேசவில்லை.”

இதில் யார் மேலும் பழி இல்லை. அடுத்து ஒரு கேள்வி.

“எல்லாரும் பேச என்ன செய்யலாம் அக்கா?”

வழியைக் குழுவே சொல்லட்டும். “வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்கலாம்” என்று ஒருவர் சொல்வார். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம்.

ஒரே நாளில் பத்துக் குறைகளைச் சொல்ல வேண்டாம். ஒன்றிரண்டு போதும். ஆனால் பணம் குறைந்தால் மறைக்கக் கூடாது. இருக்க வேண்டிய தொகை எவ்வளவு, கையில் இருக்கும் தொகை எவ்வளவு என்று சொல்ல வேண்டும். யார் எடுத்தார் என்று ஊகம் பேசக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்ணின் முறை வரும். “எனக்குக் கடன் வேண்டும்” என்று அவர் வாய் திறந்து கேட்பார். பார்வையாளர் சொன்னதற்கு அதுதான் பலன்.