நோய் நீங்கியது, விடுதலை வந்ததா?



மீமிசல் கடற்கரைக்கு முதன்முறை வருபவர்கள், "சாமி, இது கடலா, குளமா?" என்று கேட்பதுண்டு. இப்பக்கத்துக் கடலில் அலை அவ்வளவு அடங்கியிருக்கும். ஆனால் இக்கரையோரம் வாழும் குடும்பங்களின் உள்ளம் அப்படி அடங்கியிருப்பதில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னைகளையும் ஓட்டு வீடுகளையும் சாய்த்துப்போட்ட இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்த நாள்களில் வட்டி மட்டும் ஓய்வெடுக்காது. தடைக்காலம் முடிந்து ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறைகளிலிருந்து படகுகள் கிளம்பினால் அடுத்த அச்சம் தொடங்கிவிடும். எல்லை தாண்டியதாகப் பிடித்து யாழ்ப்பாணச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற செய்தி எந்த நேரத்தில் வருமோ என்று வீட்டிலிருப்பவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இப்படிப்பட்டவர்கள் முன்னால் நின்று "கவலைப்படாதீர்கள்" என்று மறையுரை ஆற்றுவது எளிது. வயல்வெளி மலர்களையும் வானத்துப் பறவைகளையும் காட்டி ஆண்டவர் சொன்ன போதனையை (மத் 6:25-34) நாமும் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் காத்திருந்தார். கணவர் பிடிபட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. "கவலப்படாதீங்கன்னு சொன்னீங்க சாமி. எப்படிப் படாம இருக்குறதுன்னு சொல்லலையே" என்றார். அன்று நம்மிடம் நல்ல பதில் இல்லை. "செபம் செய்யுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவருக்குத் தாமதமாகச் சொல்லும் பதிலே இக்கட்டுரை.

பதிலைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்று, மாவட்ட எல்லையைக் கடந்து, உள்ளே திரும்பினால் ஓரியூர். புனித அருளானந்தர் தம் இரத்தத்தைச் சிந்திய செம்மண் அங்கே இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பேர் அங்கே போகிறோம், மண்ணை எடுத்து வருகிறோம். ஆனால் அங்கே அவர் ஏன் கொல்லப்பட்டார் என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம்.

அருளானந்தர் 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். சிறுவயதில் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1673-இல் இந்தியா வந்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பண்டாரசுவாமியாக மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்தார். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கொடுமையாக வதைக்கப்பட்டார். விடுதலையாகி ஐரோப்பா சென்றபோது, அரசராகிவிட்ட பழைய தோழர் தம்முடனேயே இருக்கும்படி கேட்டும், 1690-இல் மீண்டும் இங்கேயே வந்து சேர்ந்தார்.

அப்போது மறவர் நாட்டு அரச மரபைச் சேர்ந்த தடியத்தேவர் என்ற சிற்றரசர் கொடிய நோயில் கிடந்தார். மருத்துவம் கைவிட்டது. கிறிஸ்தவர்களின் செபத்தை அவர் நாடினார். அருளானந்தர் அனுப்பிய வேதியர் ஒருவர் அவர்மேல் நற்செய்தியை வாசித்துச் செபித்தார், தேவர் நலமடைந்தார். இந்த இடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். நம்முடைய சாட்சியக் கூட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். "நோய் போனது, ஆண்டவருக்கு நன்றி" என்று கைதட்டி விடுவோம். ஆனால் தேவர் திருமுழுக்குக் கேட்டபோது அருளானந்தர் உடனே தண்ணீர் ஊற்றவில்லை. பல மனைவியருடன் வாழும் நிலையில் அதைப் பெற முடியாது என்று தெளிவாகச் சொன்னார். நலமடைந்த அரசரை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்வது மறைப்பணிக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வசதியை அவர் விரும்பவில்லை. தேவரும் ஒருவரை மட்டும் மனைவியாக ஏற்று, மற்றவர்களை விலக்கினார். 1693 சனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா அன்று திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் உறவினரான கடலாயி. அவர் சேதுபதியிடம் முறையிட்டார். இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். கடலாயியைப் பொல்லாதவளாகச் சித்திரிக்கும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவரின் மனமாற்றம் இன்னொருவரின் வாழ்வைக் காயப்படுத்தியபோது, காயப்பட்டவர் அழுதார், கோபப்பட்டார். பாவத்திலிருந்து நாம் எழும்போதுகூட, அந்தப் பாவம் உண்டாக்கிய வலி அடுத்தவர் வீட்டில் மிச்சமிருக்கும். அதைத் திருச்சபையின் மறைக்கல்வியும் மறைக்கவில்லை: பாவமன்னிப்பு பாவத்தை அகற்றுகிறது, ஆனால் பாவம் விளைவித்த கேடுகள் அனைத்தையும் அது சரிசெய்துவிடுவதில்லை, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத்தர வேண்டும் என்று அது கற்பிக்கிறது (எண் 1459).

நோய் நீங்குவது வேறு, விடுதலை பெறுவது வேறு. தடியத்தேவர் படுக்கையிலிருந்து எழுந்தது ஒரு நாள். விடுதலை பெற்றது வேறொரு நாள். தாம் பிடித்துக்கொண்டிருந்ததை அவர் விட்டபோதுதான் அது நடந்தது. பாவம் செய்கிறவர் பாவத்தின் அடிமையாகிறார் என்று ஆண்டவர் யூதர்களிடம் சொன்னபோது, "நாங்கள் யாருக்கும் அடிமையாக இருந்ததில்லையே" என்ற பொருளில் அவர்கள் வியந்தார்கள் (யோவா 8:31-36). நாமும் அப்படித்தான். குடியை நினைத்தபோது நிறுத்திவிடுவேன் என்று சொல்பவரிடம், "இன்று நிறுத்துங்களேன்" என்று கேட்டால்தான் யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்பது தெரியும். விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல், வெறுக்கும் தீமையைச் செய்துகொண்டிருப்பதாகத் தூய பவுலே ஒப்புக்கொள்கிறார் (உரோ 7). சொந்த முயற்சியால் மட்டும் அவிழாத கட்டு இது. அதனால்தான் ஒப்புரவு அருளடையாளத்தில் நாமே நம்மை மன்னித்துக்கொள்வதில்லை. இன்னொரு குரல் நமக்கு மன்னிப்பை அறிவிக்கிறது. நம் பாட்டிமார் அதைப் பாவசங்கீர்த்தனம் என்றார்கள். சிலர் ஒரே பழைய பாவத்தைப் பத்து ஆண்டாகத் திரும்பத் திரும்பச் சொல்லித் தங்களையே வதைத்துக்கொள்வதும் உண்டு. அது மனத்துயர் அல்ல. கடவுள் மன்னித்தார் என்பதை நம்ப மறுப்பது.

சரி, கவலைக்கு வருவோம். கவலைப்படுவது பாவமா என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்காகச் சிந்திப்பதும் கடனை அடைக்க வழி தேடுவதும் அக்கறை, அது கடமை. கெத்சமனியில் ஆண்டவரே துயருற்றார். ஆகவே அஞ்சுவதும் அழுவதும் குற்றமல்ல. ஆனால் நம் கைக்கு அப்பாற்பட்ட ஒன்றையும் நாமே பிடித்து நிறுத்த வேண்டும் என்று இரவு முழுதும் உள்ளே இழுத்துக்கொண்டிருப்பது வேறு. பாவத்தைப் போலவே கவலையும் ஒரு பிடி. "என்னை நானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்" என்பதே இரண்டின் அடியிலும் இருக்கிறது. பங்குத்தந்தையருக்கு இது தெரியாத நோயல்ல. திருவிழா வரவு செலவு நேராகவில்லை என்று விடிய விடிய விழித்துக் கிடந்து, காலைத் திருப்பலியில் "அமைதி உங்களோடு" என்று சொன்ன அனுபவம் நமக்கும் உண்டு!

நம் மீனவர்களுக்கு ஒன்று தெரியும். இரவில் படகில் எல்லாரும் விழித்திருப்பதில்லை. ஒருவர் சுக்கானைப் பிடித்திருப்பார், மற்றவர்கள் கண்ணயர்வார்கள். கடல் அமைதியாக இருப்பதால் மட்டும் அவர்கள் தூங்குவதில்லை. பிடித்திருப்பவர் யார் என்று தெரிவதால் தூங்குகிறார்கள். கலிலேயக் கடலில் புயலடித்தபோது இயேசு படகின் பின்பகுதியில் தூங்கினார் (மாற் 4:35-41). ஏரோது கொல்ல இருந்த முந்திய இரவில் பேதுரு இரு காவலர்களுக்கு நடுவே சங்கிலியோடு தூங்கினார் (திப 12:6). புயல் நிற்கும் என்றோ, சங்கிலி கழலும் என்றோ பேதுருவுக்கு யாரும் அன்று மாலை சொல்லவில்லை.

ஓரியூரில் அருளானந்தருக்குச் சங்கிலி கழலவில்லை. 1693 பிப்ரவரி 3 அன்று சிறையிலிருந்து தம் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். கரியைக் கரைத்து மையாக்கி எழுதியதாகச் சொல்வார்கள். தண்டனையைக் குறித்த புலம்பல் அதில் இல்லை. நன்மை செய்ததே தம்மேல் உள்ள குற்றம் என்றால் அதற்காகத் துன்புறுவது பெருமையே என்ற மகிழ்ச்சி இருந்தது. மறுநாள் திருநீற்றுப் புதன். அன்று அவர் தலை வெட்டப்பட்டது. அவரைச் சிறையிட்டவர்களுக்கோ, தடியத்தேவர் தங்கள் அரியணைக்குப் போட்டியாகிவிடுவாரோ என்ற கவலை இருந்தது. அன்றைய மறவர் நாட்டில் நிம்மதியாக இருந்தவர் யார் என்று கேட்டால், சிறைக்குள்தான் தேட வேண்டும். 1947 சூன் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அந்தத் தாயைப் பற்றி முடிக்கவில்லையே. சில மாதங்களில் கணவர் திரும்பி வந்தார். படகு வரவில்லை. கடன் அப்படியே இருக்கிறது. போன தவக்காலத்தில் ஓரியூர் போய் வந்து, ஒரு சிறு பொட்டலம் செம்மண்ணை நம்மிடமும் கொடுத்தார். "இப்ப எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டோம். "கவல வருது சாமி. வந்தா, 'நீங்க பிடிங்க'ன்னு ஆண்டவருகிட்ட சொல்லிட்டுப் படுத்துருவேன். தூக்கம் வருது" என்றார். பிறகு, விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் பேருந்துக்கு நடந்தார்.